ஆற்றின் போக்கிலே ஐந்து நாள்: சுற்றுலா இணைப்பு குறித்து ஒரு வாசகியின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை விடுமுறையை ஒட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட சுற்றுலா இணைப்பில் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து அரைப் பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது. குற்றாலத்தில் குளியல், நெல்லையில் அல்வா, திருச்செந்தூரில் தரிசனம், இரண்டே நாளில் வீடு திரும்பலாம் என்பது அதன் சாரம். பிழையென்று சுட்டிக்காட்ட அதில் எதுவும் இல்லை. ஆனால் அந்த இணைப்பு வெளிவந்த வாரத்திலேயே நாங்கள் குடும்பத்தோடு அதே நிலப்பகுதியில் ஐந்து நாள் தங்கியிருந்தோம் என்பதாலும், ஒரு வட்டாரத்தை அறிவதென்றால் அங்குள்ள இடங்களை எண்ணிக்கை குறையாமல் பார்த்து முடிப்பதுதான் என்ற நினைப்பை இத்தகைய பட்டியல்கள் ஆண்டுதோறும் வளர்த்து வருகின்றன என்று நான் கருதுவதாலும் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. சுருக்குவது தங்கள் உரிமை. சாப்பாட்டைப் பற்றிய பகுதிகளில் மட்டும் கை வைக்காமல் விட்டால் நன்றியுடையவளாவேன்.

நான் கோயம்புத்தூரில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் கணவர், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகன், என் மாமியார் ஆகியோரோடு நான் சென்றேன். மாமியார் அம்பாசமுத்திரத்தில் பிறந்தவர். மணமாகிக் கொங்கு நாட்டுக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வெந்நீரை ‘வெந்நி’ என்றே சொல்பவர். பேரப்பிள்ளைகள் தம்மை ‘ஆச்சி’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதவர். முந்தைய விடுமுறைகளில் நான்கு நாளில் பதினான்கு இடங்கள் என்று ஓடிக் களைத்த அனுபவம் எங்களுக்கு உண்டு. ஆகவே இம்முறை ஒரே ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு மலையடிவாரத்திலிருந்து கடல் வரை அதன் போக்கிலே போவது என்றும், அந்தந்தக் கரையில் விளைவதை அந்தந்தக் கரையில் இருப்பவர்கள் சமைக்கும் விதத்தில் சாப்பிடுவது என்றும் முடிவு செய்தோம். அதற்குத் தாமிரபரணியைவிட ஏற்ற ஆறு தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் இந்த ஆற்றின் நீளம் 130 கிலோமீட்டருக்கும் குறைவு. பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளும் ஊட்டுவதால் கோடையிலும் இதில் தண்ணீர் ஓடுகிறது. நொய்யலைப் பார்த்தே வளர்ந்த என் பிள்ளைகளுக்கு மே மாதத்தில் இடுப்பளவுத் தண்ணீர் ஓடும் ஆறு என்பதே முதல் வியப்பாக இருந்தது.

பாபநாசத்தில் தொடங்கினோம். படித்துறையில் இறங்கிய பிறகுதான் முதல் வருத்தமும் நேர்ந்தது. பரிகாரம் என்ற பெயரில் உடுத்தியிருந்த துணியை அப்படியே ஆற்றில் விட்டுவிட்டுப் போகும் வழக்கத்தால், கற்களுக்கிடையே சேலைகளும் வேட்டிகளும் சிக்கிக் கிடந்தன. மாமியார் சிறுமியாக நீந்திய துறையாம் அது. அங்கே நின்று அவர் ஒன்றும் பேசவில்லை. மகனின் காலில் சுற்றிக்கொண்ட ஒரு துண்டை எடுத்துக் கரையில் போட்டார், அவ்வளவுதான்.

அம்பாசமுத்திரத்தில் அவருடைய உறவினர் வீட்டில் மதிய உணவு. விருந்தினர் வருகிறார்கள் என்று சொதி வைத்திருந்தார்கள். இந்த ஒரு குழம்பைப் பற்றி நான் சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். நெல்லைச் சைவ வீடுகளில் திருமணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறும் மறுவீட்டுச் சாப்பாட்டில் இதுவே தலைமை. அதனால்தான் இதற்கு மாப்பிள்ளைச் சொதி என்று பெயர். தேங்காயை அரைத்து முதற்பால், இரண்டாம்பால், மூன்றாம்பால் என்று தனித்தனியே பிழிந்தெடுத்து, மூன்றாம்பாலில் காய்களை வேகவிட்டு, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, இரண்டாம்பாலை ஊற்றி, கடைசியில் முதற்பாலை விட்டுக் கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும். புளி கிடையாது. அடுப்பிலிருந்து இறக்கிய பின்னர் எலுமிச்சம்பழச் சாறு மட்டும். அதோடு இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டாயம். இவ்வளவு தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும் என்று அறிந்தவர்கள்தான் இஞ்சியை இலையில் சேர்த்திருக்கிறார்கள் என்று மாமியார் விளக்கியபோது, வேளாவேளைக்கு வயிற்றுக்கு மாத்திரை போடும் என் கணவர் இன்னொரு முறை துவையல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இலங்கைத் தமிழர் வீடுகளிலும் சொதி அன்றாட உணவு என்பதைத் தங்கள் வாசகர்கள் பலர் அறிந்திருப்பார்கள். அங்கிருந்து இங்கு வந்ததா, இங்கிருந்து அங்கு போனதா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இலங்கையின் பழம்பெயர்களில் ஒன்றும் இந்த ஆற்றின் பெயரும் ஒன்றேயாக இருப்பதையும், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓட்டுவதற்காகவே வ.உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஒரு குழம்பு கடல் தாண்டியிருப்பதில் வியப்பில்லை.

இந்த வீட்டுச் சாப்பாட்டை நான் எழுதுவதற்குக் காரணம், அடுத்த இரண்டு நாள் நாங்கள் தங்கிய நகர விடுதியில் கிடைத்த அனுபவமே. விடுதியின் பெயரைச் சொல்வது என் நோக்கமன்று. காலை உணவாகப் பூரி, பாவ் பாஜி, ரொட்டியும் ஜாமும், நூடுல்ஸ் ஆகியவை அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. உள்ளூர்ப் பலகாரம் எதுவும் உண்டா என்று கேட்டபோது, பரிமாறிய இளைஞர் சிறிது தயங்கிவிட்டு, “சொதி, உளுந்தஞ்சோறெல்லாம் வீட்டுலதான்மா பண்ணுவாங்க, ஓட்டல்ல யாரு கேக்கா” என்றார். அவர் சொன்னது உண்மைதான். கேட்பவர் இல்லாததால் சமைப்பதில்லை. சமைக்காததால் இப்படி ஒன்று இருப்பதே வெளியூர்க்காரருக்குத் தெரிவதில்லை. உறவினர் வீடு வாய்க்காத குடும்பம் ஒன்று இந்த வட்டாரத்துக்கு வந்தால், ஐந்து நாள் தங்கினாலும் இந்த வட்டாரத்துச் சோற்றைச் சாப்பிடாமலே திரும்ப நேரும். எங்கும் கிடைக்கும் பரோட்டாவையும் அல்வாப் பொட்டலத்தையும் உணவுப் பண்பாடு என்று எழுதிவிட்டு நாம் அமைதியடைந்துவிடுகிறோம்.

அல்வாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஊறவைத்த கோதுமையை ஆட்டிப் பாலெடுத்து, தெளியவிட்டு, சர்க்கரைப் பாகில் விடாமல் கிண்டி, நெய் பிரிந்து வரும்வரை காத்திருக்கும் அந்த வேலையின் அருமை தெரிந்தவர் எவரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். கோதுமை விளையாத கரையில் கோதுமை அல்வா எப்படி ஊரின் பெயராகவே ஆயிற்று என்பதுதான் என் மகள் கேட்ட கேள்வி. வடக்கிலிருந்து வந்து குடியேறிய இனிப்புச் செய்வோர் குடும்பங்களோடு வந்தது என்று கடைத்தெருவில் சொன்னார்கள். வந்ததை ஊர் தனதாக்கிக்கொண்டு, ‘ஆற்றுத் தண்ணீரால்தான் இந்த ருசி’ என்று உரிமையும் கொண்டாடுகிறது. வந்தேறிய உணவென்று எதையும் ஒதுக்காத இந்த மனப்பாங்கை, ஆறு கடலை நெருங்க நெருங்க இன்னும் தெளிவாகக் கண்டோம்.

அதற்கு முன் நடுவழி ஊர்களைப் பற்றிச் சில சொற்கள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கினோம். 1982-இல் அந்த ஊர்க் குலசேகரமுடையார் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் சிலை, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்தில் இருப்பது கண்டறியப்பட்டு 2019-இல் மீட்டுக் கொண்டுவரப்பட்ட கதையைப் பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொன்னோம். பத்தமடையில் கோரைப் பாய் முடையும் ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஆற்றோரத்தில் விளையும் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு நரம்பு நரம்பாகக் கிழித்துப் பருத்தி நூலாலான பாவில் ஊடாகக் கோக்கிறார்கள். துணியைப் போல மடிக்கக்கூடிய பட்டுப்பாய்க்கு இழைகள் எவ்வளவு மெல்லியவை என்பதைக் காட்ட, நெசவு செய்யும் அம்மையார் ஒரு கோரை இழையை என் மகன் உள்ளங்கையில் வைத்து ஊதச் சொன்னார்; அது பறந்துபோய்விட்டது. புதிதாக ஒன்றைக் கேட்டால் எப்போது கிடைக்கும் என்று விசாரித்தோம். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். விரைவுச் சுற்றுலாப் பட்டியலில் பத்தமடைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவோர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலைப் பற்றித் தங்கள் இணைப்பில் ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு மிகுந்த ஏமாற்றம் அளித்தது. கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தில் இருக்கிறது அந்த ஊர். கோயிற் கோபுரத்தின் உட்புறத்தில், அடுத்தடுத்த நிலைகளில், சுவரெல்லாம் ஓவியங்களும் தூணெல்லாம் மரச்சிற்பங்களும் நிறைந்திருக்கின்றன. புராணக் காட்சிகளுக்கிடையே போர்க்களக் காட்சிகளும், குதிரைகளை ஏற்றி வரும் கப்பலும் வரையப்பட்டுள்ளன. குறுகிய மரப்படிகளில் ஏறும்போது மாமியாரால் முதல் நிலைக்கு மேல் வர முடியவில்லை. கீழே இருந்தபடியே அவர் பேத்தியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, அவள் சொல்லச் சொல்லக் கதையை விளக்கினார். கடலைக் காணாத உள்நாட்டுக் கோயிற் சுவரில் குதிரைக் கப்பல் எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் ஆச்சியிடம் விடையில்லை. அதற்கான விடையை மூன்று நாள் கழித்துக் காயல்பட்டினத்தில் கண்டோம். அரபு நாட்டுக் குதிரைகள் பாண்டிய நாட்டுக்கு வந்து இறங்கிய துறை இந்த ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டித்தான் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த மார்க்கோ போலோவும் காயல் துறையையும் அதன் குதிரை வணிகத்தையும் குறித்திருக்கிறார். ஆற்றின் போக்கிலே போயிராவிட்டால் இந்த இரண்டும் எங்களுக்கு இரு வேறு செய்திகளாகவே நின்றிருக்கும்.

அதே திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. ஊர் மக்களே முன்வந்து பாதுகாத்ததால் 2005-இல் அந்த இடம் பறவைகளுக்கான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. எச்சத்தின் நாற்றத்தைப் பற்றி நாங்கள் முகஞ்சுளித்தபோது, வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர், “நம்ம பிள்ளைங்க வீட்டுக்கு வந்தா சத்தம் போடத்தான செய்யும்” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

திருநெல்வேலிக்குக் கிழக்கே ஆறு வேறொரு முகம் காட்டுகிறது. வழி நெடுக வாழைத்தோட்டங்களும் வயல்களும். கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைய வைத்தவை இந்த ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட எட்டு அணைக்கட்டுகள். மேலே கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர் வரை ஏழும் ஆங்கிலேயருக்கு முந்தியவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டுமே 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் கட்டியது. வண்டி ஏற்பாடு செய்து கொடுத்தவர், ஒரே நாளில் நவதிருப்பதி ஒன்பதையும் காட்டிவிடுவதாக மிகவும் வற்புறுத்தினார். நாங்கள் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகப் போற்றப்படும் புளியமரத்தடியில் பிள்ளைகள் அரைமணி நேரம் சும்மா இருந்தார்கள் என்பதே ஒன்பது கோயில் பார்த்ததற்குச் சமம் என்று மாமியார் சொல்லிவிட்டார். பக்தியில் என்னைவிடப் பல படி மேலானவர் அவர் என்பதால் இதை நான் மறுக்கவில்லை.

பழங்காலத்து இடுகாடான ஆதிச்சநல்லூரை நான் கண்டிப்பாகக் குறிப்பிட வேண்டும். 1876-இல் ஜெர்மானியரான யாகோர் இங்கே தோண்டிக் கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டு சென்றார். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் விரிவாக அகழ்ந்து எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. எடுத்தவையெல்லாம் இப்படி வெளியே போன பிறகு, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அந்தப் பரம்பு வெறும் செம்மண் மேடாகவே கிடந்தது. இப்போது அகழ்ந்த குழியை மூடாமல், அதன்மேல் கண்ணாடித் தளம் அமைத்து, முதுமக்கள் தாழிகளை இருந்த இடத்திலேயே காணும்படி 2023-இல் கள அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். கண்ணாடிமேல் கால்வைக்க அஞ்சிய என் மகன், பிறகு மண்டியிட்டுக் குனிந்து பார்த்துவிட்டு, “இவங்க என்ன சாப்பிட்டிருப்பாங்க?” என்று கேட்டான். அருகிலுள்ள சிவகளையில் தாழி ஒன்றுக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் தெரியவந்ததை என் கணவர் சொன்னார். மூவாயிரம் ஆண்டுக்கு முன்னும் இறந்தவருக்கு வழித்துணையாக நெல்லைத்தான் வைத்தார்கள் என்பது பிள்ளைகள் மனத்தில் அங்கே பதிந்தது போல எந்தப் பாடப்புத்தகத்திலும் பதிந்திராது.

ஏனென்றால், அதே நாள் மதியம் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வீட்டில் நாங்கள் உளுந்தஞ்சோறு சாப்பிட்டோம். தொலியோடு உடைத்த கருப்பு உளுந்தை வாசம் வர வறுத்து, அரிசி, தேங்காய்த் துருவல், பூண்டு, வெந்தயம், சுக்கு ஆகியவற்றோடு ஒன்றாக வேகவைப்பது. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு இடுப்பெலும்பு உறுதிப்பட இதைப் பல நாள் தொடர்ந்து கொடுப்பது அப்பகுதி வழக்கம். அரிசியையும் உளுந்தையும் இட்லியாக மட்டுமே கண்ட என் மகள் முதலில் அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்துத் தயங்கினாள். பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த வீட்டுத் திண்ணைச் சுவரில் ஆளுயரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு கறைக்கோடு இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களின் வெள்ளம் நின்ற உயரம் அது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த நாள்களில், திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மேலே செல்ல வழியின்றி நின்றதையும், தங்கள் வீடுகளும் தத்தளித்த நிலையிலேயே புதுக்குடி மக்கள் அந்தப் பயணிகளுக்குக் கோயிலில் சமைத்துச் சோறு போட்டதையும் தங்கள் நாளிதழும் எழுதியது. அன்றைக்கு என்ன சமைத்தீர்கள் என்று என் கணவர் கேட்டார். இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கியதாகவும், பருப்பு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவில்லை என்றும் பதில் வந்தது. ஒரு வட்டாரத்தின் உணவுப் பண்பாடு என்ற தலைப்பில் இதற்கும் இடம் உண்டென்று நினைக்கிறேன்.

ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்துவிட்டுக் கொற்கைக்குப் போனோம். சங்கப் பாடல்களில் முத்துக்குப் பெயர் பெற்ற பாண்டியர் துறைமுகம் இப்போது கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வாழைத் தோட்டங்களின் நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளியது. துறை பழையகாயலுக்கும், பிறகு போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயலுக்கும், கடைசியில் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. கொற்கையில் இதையெல்லாம் சொல்லும் பலகை ஒன்றையும் நாங்கள் காணவில்லை. மற்ற ஊர்களில் கண்ட பலகைகளும், சின்னத்தைச் சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்பதைத்தான் விரிவாகச் சொல்கின்றனவே தவிர, அந்தச் சின்னம் ஏன் அங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. 1578-இல் தமிழ் எழுத்தில் நூல் அச்சிட்ட அண்டிரிக் அடிகளார் வாழ்ந்த ஊர் புன்னைக்காயல் என்பதை, வந்து போகும் குழந்தைகளுக்கு ஒரு பலகையில் எழுதி வைப்பதில் யாருக்கு என்ன இடர்ப்பாடு?

காயல்பட்டினத்தில் என் கணவரோடு பணிபுரியும் நண்பர் வீட்டில் இரவு விருந்து. ஆண்கள் பகுதியில் ‘சகன்’ எனப்படும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து உண்ணும் அவ்வூர் முறையில் நெய்ச்சோறும் களறிக் கறியும் கத்தரிக்காய் மாங்காயும். தட்டைப் பகிர்ந்து உண்ணும் பழக்கமில்லாத என் மகன் தன் பக்கத்துச் சோற்றுக்கு விரலால் எல்லை போட்டுக்கொண்டதைப் பார்த்து வீட்டுப் பெரியவர் சிரித்துவிட்டு, நல்ல கறித்துண்டுகளையெல்லாம் அந்த எல்லையைத் தாண்டித் தள்ளி வைத்தார். சைவ உணவு மட்டுமே உண்ணும் என் மாமியாருக்காகத் தனிப் பாத்திரத்தில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் செய்து வைத்திருந்தார்கள். அந்தத் தேங்காய்ப்பாலைச் சுவைத்தவர், எத்தனையாவது பால் என்று கேட்டார். முதற்பால் என்று வீட்டுப் பெண்மணி சொன்னதும், இருவரும் அடுப்படிக்குள் போய்விட்டார்கள். ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. சொதியின் பக்குவம் அங்கே போனது. கருப்பட்டி சேர்த்துச் செய்யும் வட்டிலப்பத்தின் பக்குவம் இங்கே வந்தது, அதில் முட்டை சேரும் என்பதால் மாமியார் சாப்பிடாவிட்டாலும்.

முட்டையால் ஒரு சிறு விபத்தும் நேர்ந்தது. தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கி, வாயில் வைத்தவுடன் கரைகிறதே என்று மாமியார் வியந்துகொண்டிருந்தபோது, முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அடித்து முந்திரித்தூள் சேர்த்துச் செய்வது அது என்று கடைக்காரர் பெருமையோடு விளக்கத் தொடங்கிவிட்டார். கையிலிருந்ததைப் பேரனிடம் நீட்டிய மாமியார், “தெரியாம தின்னதுக்குப் பாவமில்ல” என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். ஐரோப்பியர் பாதாமில் செய்த பண்டம், போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த முந்திரியில் இங்கே மறுபிறவி எடுத்திருக்கிறது. பாதாமும் வேண்டாம் என்று, கிடைத்த பருப்பில் செய்து பார்த்தவர் எவரோ, அவருக்கு என் வணக்கம்.

தங்கள் நாளிதழிடமும், வாய்ப்பிருந்தால் தங்கள் வழியாக மாவட்ட நிருவாகங்களிடமும் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. பல மாவட்டங்களில் மகளிர் சுய உதவிக் குழுவினர் உணவகங்களை நன்றாக நடத்தி வருகிறார்கள். ஆதிச்சநல்லூர், திருப்புடைமருதூர் போன்ற இடங்களுக்கு அருகே அப்படி ஓர் உணவகம் அமைத்து, வாரத்தில் சில நாளாவது உளுந்தஞ்சோறும் சொதியும் கூட்டாஞ்சோறும் கிடைக்கச் செய்தால், உறவினர் வீடு இல்லாதவர்களும் இந்த வட்டாரத்துச் சாப்பாட்டை அறிவார்கள். சமைக்கத் தெரிந்த பெண்களுக்கும் வருமானம் வரும். பெண்களுக்கும் முதியோருக்கும் ஏற்ற கழிப்பறை அதே இடத்தில் இருந்தாக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த ஐந்து நாளில் எங்கள் பயண நேரத்தைத் தீர்மானித்தது பல வேளைகளில் கோயில் நடை திறக்கும் நேரமன்று, இந்த ஒரு வசதி எங்கே கிடைக்கும் என்பதே.

இரண்டாவது வேண்டுகோள் தங்களுக்கே உரியது. அடுத்த இணைப்பில் இடங்களின் பட்டியலுக்குப் பதிலாக, ஓர் ஆற்றையோ ஒரு பழைய சாலையையோ எடுத்துக்கொண்டு, அதில் எந்த ஊரில் எந்தப் பேருந்து எப்போது வரும், எந்த மாதத்தில் என்ன விளையும், எதை யார் வீட்டில் கேட்டுச் சாப்பிடலாம், கோபுரத்தின் மேல்நிலைக்கு ஏற யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பவற்றை எழுதுங்கள். உள்ளூர்ச் செய்தியாளர்கள் இவற்றை அறிந்தவர்கள். அவர்களைக் கேட்டு எழுதினால் போதும்.

கடைசி நாள் உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில், சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அப்போதுதான் இறக்கிய பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைச் சீவிப் போட்டுக் கொடுத்தார் பனையேறி ஒருவர். வெயில் ஏறிய பிறகு வந்திருந்தால் கிடைத்திராது. விடியற்காலையில் இறக்கியது முழுவதும் கருப்பட்டி காய்ச்சப் போய்விடும். ஆகவே இக்கடிதத்தை வெளியிடத் தாங்கள் முடிவு செய்தால், ஆடி பிறப்பதற்கு முன் வெளியிட வேண்டுகிறேன். அதன் பிறகு பனையில் பாளை ஓய்ந்துவிடும். படித்துவிட்டுப் புறப்படும் குடும்பங்களுக்குப் பட்டை மட்டும்தான் மிஞ்சும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
கோயம்புத்தூர்.